ஏடும் களரியும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் இலக்கியம் காக்கப்பட்ட வரலாறு

பழம்பொருள்களைத் திரட்டி வைத்துக் காப்பது நூதனசாலையின் பணி என்பது யாவரும் அறிந்ததே. மட்கலமும் நாணயமும் படைக்கலமும் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்ட பின்னரும் மட்கலமாகவும் நாணயமாகவும் படைக்கலமாகவுமே நிலைபெறுகின்றன. இலக்கியமோ அத்தகையதன்று. பேழையுள் வைக்கப்பட்ட ஏடு வெறும் பனையோலையே. அதனைப் படிப்பாரும் கேட்பாரும் கூடியவிடத்தே தான் அஃது இலக்கியமாகின்றது. ஆதலின், இலக்கியத்துக்கென அமைந்த நூதனசாலை எந்நாட்டில் எழுந்தாலும், பொருள்களைக் காட்டுவதோடு அமையாது, மாணவர்க்குப் பாடமும் ஊரவர்க்கு விழாவும் வகுத்தே தன் கடனை ஆற்ற வேண்டியதாயிற்று. ஆங்கில நாட்டில் சேக்சுபியர் பிறந்த இல்லம் 1847 ஆம் ஆண்டில் பொதுமக்கள் ஈந்த பொருளால் வாங்கப்பட்டது. இன்று அங்கு வருவோர் காண்பது கட்டிடத்தை மட்டுமன்று, நாடகத்தையும் பாடவகுப்பையுமே. தமிழகத்தில் எட்டயபுரத்துப் பாரதியார் மணிமண்டபம் 1947 இல் திறக்கப்பெற்றது. நம் நாட்டின் தென்கரையிலே, மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்களின் கொக்கலை இல்லத்தைச் சூழ்ந்து நாட்டார் கலை நூதனசாலையொன்று 1981 முதல் இயங்குகின்றது. எழுத்தாளரின் இல்லத்தோடு அவர்தம் எழுத்துக்கு விளைநிலமாகிய ஊர்வாழ்வையும் சேர்த்துக் காட்டுவது அதன் சிறப்பாகும்.

இவற்றை நோக்குவார் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழ்ந்த தமிழ் மக்கள் தம் இலக்கியத்தை எங்கே வைத்துக் காத்தனர்? அதனை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கற்பித்தனர்? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நூதனசாலை என்னும் பெயர் இங்கு வழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் தொழில் இங்கு நடைபெற்று வந்தது என்பதும், அத்தொழில் நடைபெற்ற முறையிலே இன்றைய நூதனசாலைகள் கற்கத்தக்க பாடம் ஒன்று உளது என்பதும் நாம் காட்டக் கருதுவன.

கோயிலே ஏட்டகம்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கீழ்ப்பால் கடலை அடுத்த நிலம் எழுவான்கரை எனவும், மேற்பால் வயல் சூழ்ந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். இவ்விரு கரைகளிலும், தெற்கே காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலும் கண்ணகியம்மன் கோயில்கள் பல விளங்குகின்றன. அவற்றுட் பல, ஆண்டு முழுவதும் அடைத்துக் கிடந்து, வைகாசித் திங்களில் மட்டும் கதவு திறக்கப்படுவன. கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், குளிர்த்தி பாடுதல் எனச் சடங்குகள் முறையாக நிகழும். அந்நாட்களில் அம்மன் திருமுன் படிக்கப்படும் நூலே கண்ணகி வழக்குரை என்பது.

இந்நூல் சிலப்பதிகாரத்தின் சுருக்கமன்று. கோவலன் கண்ணகி வரலாற்றையே கூறினும், இளங்கோவடிகள் கூறாத செய்திகள் பலவற்றை இது கூறும். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டி மீகாமன் கடலோடி இலங்கைக்கு வந்தமையும், வெடியரசனோடு பொருதமையும் இதன்கண் விரிவாகப் பாடப்பெற்றுள்ளன. கடல்சூழ்ந்த நாட்டில் வாழ்ந்த மக்கள், பூம்புகாரிலும் மதுரையிலும் நிகழ்ந்த கதையினுள்ளே தம் கடலையும் கொண்டு புகுத்தினர் எனலாம்.

இவ்வேடுகள் கோயிலிலும் கோயிற் பணியாளர் இல்லங்களிலும் பேணப்பட்டன. பனையோலை நெடுங்காலம் நிற்பதன்று. செல்லும் பூச்சியும் ஈரக்காற்றும் அதன் பகைகள். பழுதடைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியே நூல்கள் காக்கப்பட்டன. ஆண்டுதோறும் படிக்க வேண்டிய நூலாயின் அதன் பழுது ஆண்டுதோறும் கண்ணுக்குப் புலனாகும். புலனாகவே, புதிது எழுதுவாரும் உளராவர். படிக்கப்படாத ஏட்டின் அழிவை அறிவார் இலர். எனவே, வைகாசிச் சடங்கு வழிபாடாக அமைந்ததோடு, ஏட்டைப் பரிசோதிக்கும் காலமாகவும் பயன்பட்டது.

படிப்பதோடு நிகழ்ச்சி முடிவதில்லை. கண்ணகி வழிபாட்டைச் சார்ந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம்பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றோரும் தோற்றோரும் பாடும் பாடல்கள் தனியே உள. கதையைக் கேட்டறியாத சிறுவனும் கொம்பு இழுக்கும் ஆரவாரத்திடையே தான் எக்கட்சியைச் சார்ந்தவன் என்பதை அறிவான். அறிந்தபின், அக்கட்சி யாருடையது, அவர் வரலாறு யாது என்று வினவாது இரான். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிலும் இவ்வாறே பதினெட்டு நாள் விழாவிற் பாரதம் படிக்கப்பட்டு, வனவாசம் முதலியன நடித்துக் காட்டப்பட்டு, தீமிதிப்போடு நிறைவெய்தும். நூலைப் படிப்பதும், அதனை உடலால் நிகழ்த்துவதும், அதன் பொருட்டு ஊர் கூடுவதும் ஒன்றாய் இயைந்த அமைப்பு இது.

களரியே கல்விச்சாலை

கோயிலை ஏட்டகம் எனக் கொண்டால், கூத்துக் களரியைக் கல்விச்சாலை எனக் கொள்ளுதல் பொருந்தும். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்கள் இப்பகுதியில் வழங்கி வருகின்றன. அண்ணாவியார் ஒருவரை ஊரவர் அழைத்து, கூத்து ஒன்றைத் தேர்ந்து, ஆடுவோர்க்குப் பாத்திரங்களை வகுப்பர். ஒவ்வொருவர்க்கும் உரிய பாட்டும் வசனமும் எழுதிய பகுதியைக் கையளிக்கும் நிகழ்ச்சி ‘சட்டங் கொடுத்தல்’ எனப்படும். அது முதல், பல திங்கள் இரவு தோறும் பயிற்சி நடைபெறும். தாளக்கட்டும் ஆட்டமும் பாட்டும் படிப்படியாகக் கற்பிக்கப்பட்டு, சதங்கை அணிதல் நிகழ்ந்து, முடிவில் அரங்கேற்றம் இரவிரவாக நடைபெறும். களரி வட்டமானது, ஊரவர் நாற்புறமும் அமர்ந்து காண்பர்.

கூத்தின் மூல நூலைக் கையில் ஏந்தி நின்று அடி மறந்தார்க்கு எடுத்துக் கொடுப்பவர் ஏட்டண்ணாவியார். நூலைக் காப்பவரும், அது வழங்குங்கால் பிழையைத் திருத்துபவரும் அவரே. பகலெல்லாம் வயலில் உழைத்த இளைஞன், எழுத்துப் பயிற்சி குறைந்தவனாயினும், நூற்றுக்கணக்கான அடிகளை நெட்டுருச் செய்து, விருத்தமும் தருவும் கந்தார்த்தமும் வேறுபாடறிந்து பாடக் கற்றான். பாரதப் போரும் இராம காதையும் அவனுக்குப் பாடப் புத்தகத்தால் வந்தனவல்ல. தானே கர்ணனாகவும் வாலியாகவும் நின்று அறிந்தவை. இன்றைய நூதனசாலைகள் மாணவரைப் பங்குகொள்ளச் செய்யும் கல்வி எனச் சிறப்பித்துக் கூறும் முறை வேறு யாது?

ஆயினும், பழமையைப் புகழுமிடத்து அதன் குறையை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. மரபுவழிக் கூத்தில் ஆடியவர் ஆடவரே. பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்கினர். பெண்கள் களரியைச் சூழ இருந்து கண்டனரேயன்றி உள்ளே புகுந்திலர். யார் எப்பாத்திரம் ஏற்கலாம், யாருக்கு எங்கு இடம் என்பவற்றில் சாதி வேற்றுமையும் புகுந்து நின்றது. அன்றியும், ஏடு பெயர்த்தெழுதப்படும் தோறும் ஊருக்கு ஊர் பாடம் வேறுபட்டது. சில விடங்களில் அடிகள் சிதைந்து பொருள் மயங்கின. வழக்கில் நின்ற நூல் வழக்காலேயே தேய்வதும் உண்டு. இக்குறைகளைக் களையும் பணி பின்வந்தோர்க்கு எஞ்சியிருந்தது.

யாழ் உலாவந்த விழா

1892 ஆம் ஆண்டு தமிழ் இலக்கிய வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டிலே டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிச் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிற் பதிப்பித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்போர்க்கு மகனாகத் தோன்றிய மயில்வாகனனே பிற்காலத்தில் விபுலானந்த அடிகளாக விளங்கினார். தமிழகத்தில் இளங்கோவின் ஏடு தேடியெடுக்கப்பட வேண்டிய அரும்பொருளாகி இருந்த காலத்தே, அவ்வேட்டை அறியாத வாவிக்கரை ஊர்களில் கண்ணகியின் கதை வைகாசி தோறும் ஓதப்பட்டு வந்தது. நிகழ்ச்சியை இழந்த ஏடு எந்நிலை எய்தும், நிகழ்ச்சியோடு கூடிய ஏடு எந்நிலை எய்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அடிகளார் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் தேர்விலும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர். 1924 இல் துறவு பூண்டு இராமகிருஷ்ண சங்கத்தைச் சார்ந்தார். 1929 இல் கல்லடி உப்போடையில் வாவிக்கும் கடலுக்கும் இடையே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற்றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளைக் கணித முறையாலும் இசை முறையாலும் ஆராய்ந்து, பன்னெடுங்காலம் வழக்கிழந்து நின்ற யாழின் இயல்பை அவர் விளக்கிய நூல் ‘யாழ்நூல்’. காரைதீவுக் கண்ணகியம்மன் கோயிற் பாட்டொலி கேட்டு வளர்ந்தமையே இவ்வாராய்ச்சிக்குக் காரணம் என்று துணிதல் மிகையாகும். எனினும், கண்ணகி கதையை உயிருள்ள வழக்காகக் கண்டு வளர்ந்த ஒருவர் அதன் இசைப்பகுதியை இறந்த செய்தியாகக் கொள்ள மறுத்தது வியப்பன்று.

அந்நூல் அரங்கேறிய முறை நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது. கரந்தைத் தமிழ்ச்சங்கத்தார் ஆதரவில், 1947 சூன் 5, 6 ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேற்றம் நடைபெற்றது. அடிகளார் ஆய்ந்து அமைப்பித்த இசைக்கருவிகள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. அறிஞர் உரையாற்றினர். சங்கீதபூஷணம் க. பொ. சிவானந்தம்பிள்ளை அவர்கள் யாழிசைத்துக் காட்டினார். கருவிகளின் காட்சி, அவற்றின் விளக்கம், அவற்றின் ஒலி என்னும் மூன்றும் இரண்டு நாள் விழாவில் ஒன்று சேர்ந்தன. ‘இக்கருவி பண்டு இருந்தது’ என்று எழுதி ஒட்டிய பேழையைக் கண்டு திரும்பும் நிலை அங்கில்லை; இருந்ததன் ஒலி இன்னது என்று கேட்டே மக்கள் திரும்பினர். ஆராய்ச்சியைப் பொதுமக்கள் முன் நிறுத்துவதற்கு இது போன்ற எடுத்துக்காட்டு அரிது. அவ்விழா நிகழ்ந்து ஒன்றரைத் திங்கள் கழியுமுன், 1947 சூலை 19 இல், அடிகளார் மறைந்தார். அவர் உடல் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டது. காரைதீவில் அவர் பிறந்த இல்லமும் நினைவிடமாகப் பேணப்பட்டு வருகின்றது.

அச்சும் மேடையும்

அடிகளாரின் மறைவுக்குப் பின்வந்த இருபதாண்டுகள் மட்டக்களப்பு இலக்கியத்தைத் தொகுத்த காலம் எனலாம். புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை முதலாயினோர் இப்பகுதித் தமிழ்க் கல்வியை வளம்படுத்தினர். எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் மட்டக்களப்பு மான்மியத்தை 1962 இல் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வெளிவந்தது. ஊர்களின் வரலாறு, வழிபாடு, நாட்டுப்பாடல், கூத்து, சொல்வழக்கு முதலியவற்றை ஒருங்கு திரட்டிய அந்நூலை, நான்கு சுவரில்லாத நூதனசாலை என்றே கூறலாம். கண்ணகி வழக்குரை ஏடுகளை ஒப்புநோக்கி அச்சிற் கொணர்ந்தவரும் அவரே. முன்னர்க் கூறிய பாடபேதச் சிதைவுக்கு இப்பதிப்புக்கள் மருந்தாயின.

மறுபுறம், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் அலங்காரரூபன் நாடகத்தை 1962 இல் அச்சிடுவித்ததோடு நில்லாது, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தையே மேடையேற்றினார். அவ்வாண்டில் கர்ணன் போர், அடுத்த ஆண்டில் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், 1967 இல் வாலிவதை என்பன அரங்கு கண்டன. இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து, ஆட்டமும் பாட்டும் குன்றாவண்ணம் சுருக்கப்பட்டு, நகரத்தார் காணத்தக்க அளவினதாயிற்று. மட்டக்களப்பு அண்ணாவியாரே பல்கலைக்கழக மாணவர்க்கு ஆசிரியராயினர். ஊர்க் களரியில் ஏட்டைக் கற்ற முறை பல்கலைக்கழகத்துட் புகுந்த நிகழ்ச்சி இது. அங்கு ஆடிப் பயின்ற மாணவருள் ஒருவராகிய சி. மௌனகுரு அவர்கள், பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொண்டமையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் பாடநெறியாகப் பேணியமையும் அதன் விளைவுகளாம். கல்லடியில் 1982 இல் தொடங்கப்பெற்ற விபுலானந்த இசை நடனக் கல்லூரி, பின்னர் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்து அடிகளார் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமாக விளங்குகின்றது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் அவர்களும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் வேறொரு வகையிற் கருதத்தக்கது. கூத்தை ஊரினின்றும் பெயர்க்காது ஊரவரோடே இருந்து, பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பழைய கூத்துக்கள் கூறுவனவற்றை அவர்களோடே கலந்துரையாடி, திருத்த வேண்டியன திருத்தி ஆடுவது அதன் நெறி. மரபின் குறையை மரபு வழங்கும் களரியிலேயே வைத்து ஆராய்தல் அருஞ்செயலே.

இழப்பும் கடமையும்

இவ்வரலாறு இடையீடின்றி நடந்ததன்று. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் வீடுகளையும் பாடசாலைகளையும் கோயில்களையும் வீழ்த்தியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏட்டுச் சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஓரிடத்தே திரட்டிய செல்வம் ஓரிரவில் அழியும் என்பதை நாடு கண்டது. தொடர்ந்து வந்த போரின் ஆண்டுகளில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. இரவிற் கூடுவதே அச்சந்தரும் நிலையில் இரவுக் கூத்து எங்ஙனம் நிகழும்? 2004 திசம்பர் 26 இல் எழுந்த கடற்கோள் எழுவான்கரை ஊர்கள் பலவற்றை வாரிச்சென்றது. காரைதீவும் கல்லடியும் அதற்குத் தப்பில. ஓடு பெயர்ந்த கூரையின் கீழும் வெள்ளம் புகுந்த வீட்டினுள்ளும் கூத்துக் கொப்பியும் ஏட்டுக்கட்டும் நிலைத்திரா என்பது சொல்லாமலே விளங்கும்.

இழப்பின் பின்னர் எது மீண்டது என்று நோக்குமிடத்து, நாம் முற்கூறிய கருத்து உறுதிபெறும். ஏடு அழிந்த ஊரிலும், அடிகளை நெஞ்சிற் கொண்ட முதியோர் இருந்தவரை கூத்தும் குளிர்த்தியும் மீண்டன. கற்றவர் இன்றி ஏடு மட்டும் எஞ்சிய ஊரில், அவ்வேட்டைத் தாளத்தோடு படிப்பார் இலராயினர். எனினும் முதியோரின் நினைவும் மாயும் பொருளே. அச்சிட்ட பதிப்பும், ஒலிப்பதிவும், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளும் நினைவு மாய்வதற்கு முன் அதனைப் பதிந்து வைக்க உதவுகின்றன. ஒரு பிரதி ஓரிடத்தே இருந்தால் ஒரு தீயே அதற்குப் போதும். பல பிரதி பல இடத்தே இருந்தால் அவ்வச்சம் குறையும்.

ஆகவே, வாவிக்கரையில் அடிகளார் பெயராலோ பிறர் பெயராலோ அமைந்துள்ள நினைவிடங்களும், இனி அமையும் இலக்கிய நூதனசாலைகளும் கருத வேண்டியது யாது? அடிகளாரின் மூக்குக்கண்ணாடியையும் கையெழுத்தையும் பேணுதல் நன்றே. ஆனால் அவ்விடத்துக்கு வரும் பாடசாலை மாணவன் கண்டு திரும்புபவனாக மட்டும் இருத்தல் ஆகாது. அவனுக்கும் சட்டங் கொடுத்தல் வேண்டும். வழக்குரையின் ஒரு பகுதியையோ, கூத்தின் ஒரு தருவையோ, வயல்வெளியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பாடிய கவிகளில் சிலவற்றையோ அவன் கற்றுச் செல்லும் ஒழுங்கு இருத்தல் வேண்டும். அவ்வொழுங்கில் மாணவியர்க்கும், முன்பு களரிக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோர்க்கும் சம இடம் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் ஊர் கூடி அவர்கள் கற்றதைக் கேட்டல் வேண்டும். வைகாசியில் ஏட்டின் பழுதைப் பார்த்தது போல, அந்நாளில் நம் தொகுப்பின் பழுதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இக்கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். வாவியின் இக்கரையிலோ அக்கரையிலோ நும் ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவர், குளிர்த்தி பாடிய பாட்டி ஒருத்தி இன்னும் இருத்தல் கூடும். விடுமுறை நாளொன்றில் அவர் அருகில் அமர்ந்து, அவர் பாடுவதை எழுதிக்கொள்க. எழுதியதோடு நில்லாது, பாடவும் கற்றுக்கொள்க. எழுத்துப் பிரதியை நூலகத்துக்கு அளிக்கலாம். பாட்டை நும்மோடே வைத்திருந்து, மறு வைகாசியில் அவர் முன்னிலையிலேயே பாடிக் காட்டுக.